மூக்கன் எழுதிய பதில்கள்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் கார்ட்டூன் என்றாலே ஆகாது. ஆனால் பிள்ளைகள் வாயைத் திறந்தால் மூக்கன்தான். டிவியில், அலமாரிக்குள் குடியிருக்கும் நீள மூக்குக் குட்டிப் பேய். பாடப் புத்தகத்தைக் காட்டினால் கொட்டாவி, மூக்கன் என்றால் முகமெல்லாம் பல். சரி, இவனையே வேலைக்கு வைத்துக்கொள்வோம் என்று டீச்சர் இறங்கி வந்தார். வகுப்பு அலமாரியின் கதவிடுக்கில் கடிதம் போட்டால் மூக்கன் பதில் எழுதுவான். பதிலைச் சாயங்காலம் டீச்சரே இடது கையால் கோணல்மாணலாக எழுதுவார். அலமாரிச் சாவி அவர் கைப்பையில்.

பென்சிலைத் தொடாததுகள்கூட எழுதித் தள்ளின, கடைசி வரிசைச் சிறுமியைத் தவிர. சொந்தமாக ஒரு வரியாவது எழுதாவிட்டால் அவளுக்கு இரண்டாம் வகுப்பு கிடையாது என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். டீச்சருக்கோ அவள்மேல் கொள்ளைப் பிரியம்.

இதற்கிடையில் டீச்சர் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டார். திரும்பி வந்தால் சிறுமியின் நோட்டு நிறைய எழுத்து.

"யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"மூக்கன்தான் டீச்சர். தினமும் லெட்டர் போட்டான்."

நான்கு தாள்களை நீட்டினாள். அதே கோணல் எழுத்து. கடைசித் தாளில், 'நன்றாக எழுதப் பழகு. பழகியதும் கூட்டிப்போகிறேன்' என்று இருந்தது.

தனக்குப் பதிலாக அந்த நான்கு நாளும் வகுப்பைப் பார்த்துக்கொண்டவரை டீச்சர் கேட்டார்.

"நான் அந்த அலமாரிப் பக்கமே போகலையே. சாவியும் உங்ககிட்டதானே இருந்துச்சு?"

தலைமையாசிரியைக்கோ நோட்டைப் பார்த்து உச்சி குளிர்ந்துவிட்டது. "பரீட்சை வரைக்கும் இதை நிறுத்திடாதீங்க."

நிறுத்தினால் பிள்ளை மறுபடி பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே டீச்சருக்குப் பயமாக இருந்தது. அன்று சாயங்காலம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இடது கையால் எழுதினார்: 'நான் ஊருக்குப் போகிறேன். இனிமேல் டீச்சருக்கு எழுது.'

மறுநாள் சிறுமி அழவில்லை. படித்தாள், மடித்தாள், கதவிடுக்கில் போட்டுவிட்டுக் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு உட்கார்ந்து எழுதி, கடைசி மணிக்கு முன் டீச்சரிடம் கொண்டுவந்தாள்.

'டீச்சர், அது மூக்கன் எழுதலையாம். நீங்க எழுதினதாம். எனக்கு நல்லா எழுத வந்துடுச்சாம், கிளம்பலாம்னு சொல்றான். அம்மாவுக்கும் ஒரு லெட்டர் எழுதி வச்சிட்டேன்.'

டீச்சர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க டீச்சர், கூப்பிடுறான்."

மணி அடித்தது. மற்ற பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போன பிறகும் டீச்சர் அந்தக் கையை விடவில்லை.