எல்ஸ்பெத் வேலை பார்த்த பண்ணைகள்

பிறக்கப்போகும் பெண்ணுக்கு எல்ஸ்பெத் என்று பெயர் வைக்கப்போவதாக மகள் கர்ஸ்டி சொன்னதும், வாட்டி ரிடாக் ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

"வேற பேரே கிடைக்கலையா?"

"இருக்குற நல்ல பேரையெல்லாம் நீங்க மாட்டுக்கு வச்சுட்டீங்களே."

"சிரிக்காதடி. பெத்த புள்ளைய ரெண்டு வயசுல கன்னுக்குட்டி மாதிரி கைமாத்தி விட்டவ அவ. எங்க தாத்தா சாகுற வரைக்கும் தன் அம்மா பேரை வாயில எடுக்கல."

கர்ஸ்டிக்கு ஏழாவது மாதம். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் குடும்பத்தைத் தேடியிருந்தாள். அப்பாவின் மனத்தாங்கலோடு பெயர் வைக்க அவளுக்கு இஷ்டமில்லை; அந்தப் பெயரை விடவும் மனமில்லை. எல்ஸ்பெத் கல்யாணம் ஆகாமல் பெற்றவள், பண்ணை வீட்டுச் சமையலறைப் பரணில் படுத்த வேலைக்காரி. பிள்ளையை எங்கே வைத்துக்கொண்டிருப்பாள்?

"கேட்டுட்டுத் திட்டுங்கப்பா. 1881. உங்க தாத்தா பீட்டர், வயசு ரெண்டு. பாக்டன் பண்ணைக் குடிசையில வேற யாரோ வளர்க்குறாங்க. எல்ஸ்பெத், மில்பிரே பண்ணையில பால் கறக்குறா."

"விட்டுட்டுப் போயிட்டா. அதைத்தானே நானும் சொல்றேன்."

"1891. பீட்டருக்குப் பன்னெண்டு. டார்னாபோல மாடு மேய்க்கிறார். எல்ஸ்பெத், ஆர்டிபிரேல."

வாட்டியின் கை தேநீர்க் கோப்பையிலேயே நின்றுவிட்டது. "அடுத்தது?"

"1901. பீட்டர் லோன்ஹெட்ல ஏர் ஓட்டுறார். அவ கெர்ன்டன்ல. எங்கேயும் நிலையா இருக்கல போல. எனக்கு இதெல்லாம் வெறும் பேருதான்."

வாட்டிக்கு அப்படியில்லை. ஐம்பது வருடம் அந்த வட்டாரத்துப் பண்ணைகளில் கூலிக்கு மாடு பார்த்தவர் அவர். பாக்டனுக்கும் மில்பிரேக்கும் நடுவே இருப்பது ஒரே தாவலில் தாண்டக்கூடிய ஓடை. டார்னாபோவும் ஆர்டிபிரேயும் ஒரு கல்சுவரின் இரண்டு பக்கங்கள். லோன்ஹெட்டில் ஏரைத் திருப்பும் இடத்தில் நின்று கூப்பிட்டால் கெர்ன்டனில் கேட்கும். அந்தக் காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் எடுக்கும் சந்தையில் போய் நிற்க வேண்டும். கூப்பிடுகிறவன் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு முறை பக்கத்துப் பண்ணை வாய்த்தால் அதிர்ஷ்டம் எனலாம். மூன்று முறை? எத்தனை நல்ல இடங்களை அவள் வேண்டாமென்று சொல்லியிருப்பாள்! பையன் பெட்டியைத் தூக்கியபோதெல்லாம் தானும் தூக்கியிருக்கிறாள். இருபது வருடம்.

"அவ போகலடி." வாட்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பின்னாடியே வந்திருக்கா. பெத்தவ நான்னு ஒரு வார்த்தை சொல்லாம. தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சே."

"அப்போ பேரு?"

"கோட்டு எடுத்து மாட்டிக்க. முதல்ல அங்க போய் நின்னு பார்க்கணும்."

மில்பிரேயின் மாட்டுக் கொட்டகைக்கு இப்போது கூரையில்லை. வாசல் மட்டும் நின்றது. வாட்டி அதன் படியில் ஏறினார். ஓடைக்கு அந்தப் பக்கம், பாக்டன் குடிசை முற்றத்தில், யாரோ ஒரு பெண் காற்றோடு மல்லுக்கட்டித் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியில் ஆடிய சின்னக் காலுறைகளின் நிறம்கூட இங்கிருந்து தெரிந்தது. வாட்டி தொப்பியைக் கழற்றி உயர்த்திக் காட்டினார். அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு, வாயில் கவ்விய கிளிப்போடு, பதிலுக்குக் கையசைத்தாள்.