மாவுப் பூச்சு

வீட்டுக்காரர் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டைப் பார்த்துவிட்டு, நாங்கள் இன்னும் ஒரு வருடம் இருக்கலாமா, காலி பண்ண வேண்டுமா என்று அன்றைக்கே சொல்லிவிடுவாராம். சுவரில் ஆணி அடித்தால் தன் நெஞ்சில் அடித்த மாதிரி துடிக்கிற மனிதர். அதனால் என் மனைவி அவருக்கு ஆணிக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். பிள்ளைகள் இருந்தால் வீடு பாழாகிவிடும் என்று போன மாதமே சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

மனைவி மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"வீட்ட கண்ணாடி மாதிரி தொடச்சு வச்சிருக்கேன். அஞ்சு மணி வரைக்கும் இதுங்க ரெண்டையும் பாத்துக்கிட்டா போதும். முடியுமா?"

"பத்து மாடிக் கட்டடத்தையே பூசி முடிச்சவன் நான். இந்தப் பொடிசுங்கள பாத்துக்க மாட்டேனா?"

"கட்டடம் ஓடாது," என்றாள்.

நான் கொத்தனார். மகளுக்கு ஐந்து வயது. எல்லாரையும் வேலை ஏவுவதால் வீட்டில் அவள் பெயர் மேஸ்திரி. மகனுக்கு மூன்று. அக்கா எதைச் சொன்னாலும் சுமந்து வந்து போடுவான். அவன் சித்தாள். அன்றைக்குக் காலையில் பாதி நாள் சாரத்தில் நின்றதில் என் இடுப்பு கழன்றுபோயிருந்தது. சும்மா முதுகை நீட்டலாம் என்றுதான் தரையில் சாய்ந்தேன். கண்ணை நான் மூடவில்லை. அதுவாக மூடிக்கொண்டது.

விழித்தது சத்தம் கேட்டு அல்ல, சத்தமே கேட்காததால். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அமைதி வந்தால் எங்கேயோ வேலை நடக்கிறது என்று அர்த்தம். எழுந்து உள் அறைக்கு ஓடினேன்.

அந்த அறையில் ஜன்னலுக்குக் கீழே தரை வரைக்கும் ஒரு விரிசல் உண்டு. மழை பெய்தால் அது வழியாகத் தண்ணீர் வந்து பாய் நனையும். பூசித் தரச் சொல்லி இரண்டு மழைக்காலமாகக் கேட்டாயிற்று. "பாக்கலாம்" என்பார் ஆணிக்காரர். நானே பூசிக்கொள்ளட்டுமா என்றால், "என் சுவத்துல கை வைக்கக் கூடாது" என்பார்.

இப்போது விரிசலைக் காணவில்லை. என் கொத்துக் கரண்டியோடு மேஸ்திரி நின்றாள். துணி ஊறவைக்கிற பேசினில் கலவை. சித்தாள் தலையிலிருந்து கால் வரை வெள்ளை. கண் இரண்டு மட்டும் தெரிந்தன.

"என்னடி இது?"

"பூச்சு வேல நடக்குதுப்பா. ஓரமா வாங்க, வழுக்கும்."

"என்னத்தக் கலந்த?"

"மாவு சிமெண்ட்டு. சக்கர மணல். ஒண்ணுக்கு நாலு போடணும்னு நீங்கதான சொல்வீங்க? அவ்ளோ சக்கர நம்ம வீட்ல இல்ல. அதான் ஒண்ணுக்கு ஒண்ணு."

சித்தாள் ஒரு குவளைத் தண்ணீரைச் சுவரில் வீசினான். பூசிய சுவரை ஏழு நாள் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்று நான் சாப்பிடும்போது பேசியதெல்லாம் இதுகள் காதில் விழுந்திருக்கிறது. பல் தேய் என்று நூறு தடவை சொன்னது மட்டும் விழவில்லை.

மணி நாலே கால். வழித்தெடுத்துத் துடைத்தால் அரை மணி வேலை. மகள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினேன். சத்தியமாக வழித்தெடுக்கத்தான். ஆனால் நடுவில் ஒரு மேடு இருந்தது. இருபது வருடப் பழக்கம், மேட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. லேசாக ஒரு இழுப்பு இழுத்தேன். மேடு போய், பக்கத்தில் பள்ளம் தெரிந்தது.

"கலவை!" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

சித்தாள் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

"கரண்டிய படுக்க வச்சு இழுக்கணும்டி. நிமித்திப் புடிச்சா கோடு விழும்."

"எனக்குத் தெரியும். நீங்க மூலைய பாருங்க," என்றாள் மேஸ்திரி.

மூலையைப் பார்த்தேன். மரக்கட்டையால் தேய்த்து மட்டமாக்கினேன். ரசமட்டத்தை வைத்தேன், குமிழி நட்டநடுவில் நின்றது. தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

ஆணிக்காரர் நேராக உள் அறைக்கு வந்தார். சுவரை விரலால் தடவினார்.

"வெள்ள சிமெண்ட்டா?"

"ஒரு மாதிரி... ஆமா சார்."

சித்தாள் சுவரிடம் போய் அடிப்பக்கத்தை ஒரு நக்கு நக்கினான். "இன்னும் சக்கர போடணும்க்கா."

ஆணிக்காரர் தன் விரலைப் பார்த்தார். மோந்தார். என்னை முறைத்துக்கொண்டே நாக்கில் வைத்தார்.

"என் சுவத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னனா இல்லையா?"

"கை வைக்கல தாத்தா, கரண்டிதான் வச்சோம்," என்றாள் மேஸ்திரி. "மழ வந்தா தம்பி படுக்குற எடம் நனையுது. நீங்க பூசித் தர்றதுக்குள்ள எங்களுக்குத் தாடி மொளச்சுடும்னு அம்மா சொன்னாங்க. எனக்குத் தாடி வேணாம்."

"அம்மா வேற என்ன சொன்னாங்க?"

"உங்க பேரு ஆணிக்காரர்னு சொன்னாங்க."

எங்காவது புகுந்து ஒளிந்துகொள்ளலாம் என்றால், அந்த வீட்டில் ஒரே ஒரு விரிசல்தான் இருந்தது. அதையும் நானே அடைத்திருந்தேன்.

அவரிடமிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு சிமெண்ட்டும் மணலும் அனுப்புறேன். இத வழிச்சுட்டு ஒழுங்கா பூசு. எறும்பு வந்துச்சு, தொலச்சுடுவேன்."

"அப்ப இருக்கலாமா சார்?"

"பூசிட்டு யாராவது காலி பண்ணுவானா?"

மனைவி வந்ததும் காலி மாவு டப்பாவை என் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்டினாள். "பாத்துக்கன்னுதான சொன்னேன். சேந்துக்கன்னா சொன்னேன்?"

சிமெண்ட்டில் பூசி ஏழாவது நாள் ஆணிக்காரர் சுவரைப் பார்க்க வந்தார். நான் கதவைத் திறந்தேன். சித்தாள் கையில் சுவரை நனைக்க எடுத்த நிறைகுவளை இருந்தது. நான் "டேய்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் மேல் தண்ணீர் கொட்டிவிட்டது.

மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

"முதுகுப் பக்கம் நனையலடா," என்றாள்.