அண்ணி பெயரில் நாற்பத்தேழு புத்தகங்கள்

எனக்குப் பொறுமை குறைவு. அதனால்தான் கம்ப்யூட்டரோடு பிழைக்கிறேன். எவ்வளவு திட்டினாலும் அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. நூலகத்துக்குப் புது மென்பொருள் எழுதித் தரும் வேலை வந்தபோது மட்டும் கொஞ்சம் தயங்கினேன். அங்கே நூலகர் என் அண்ணி. வீட்டில் என் சமையலையே விட்டுவைக்காதவர், என் ப்ரோகிராமை விடுவாரா?

விடவில்லை. புத்தகம் கொடுக்க ஒரு ப்ரொசீஜர், அதாவது கட்டளைத் தொகுப்பு, திரும்ப வாங்க ஒன்று, தாமதத்துக்கு அபராதம் போட ஒன்று என்று டேட்டாபேஸுக்குள் மூன்றையும் எழுதி முடிப்பதற்குள், பின்னால் நின்றே என் உயிரை எடுத்துவிட்டார்.

"நூலகம் மூடியிருக்கற நாளுக்கும் ஃபைன் போட்டா அநியாயம் இல்லையா?"

சரி என்று விடுமுறைகளைக் கழித்தேன்.

"மழையில மாட்டிக்கிட்டு லேட்டா வந்தா?"

"மழைக்கெல்லாம் ப்ரொசீஜர் கிடையாது அண்ணி!"

மறுநாள் காலை நூலகக் குழுவின் செயலாளருக்கு இயக்கிக் காட்ட வேண்டும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களின் பட்டியல். அதில் ஊழியர் பெயர் இருந்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று சுற்றறிக்கையே விட்டிருந்தார். மதியம் பழைய பதிவுகளை ஏற்றி, அபராத ப்ரொசீஜரை ஓடவிட்டேன். முதல் பெயரே அண்ணியுடையது. நாற்பத்தேழு புத்தகங்கள். அபராதம் அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு வந்தது.

நாற்காலியை அண்ணி பக்கம் திருப்பினேன்.

"என்ன அண்ணி இது? இத்தனையும் கட்டிலுக்கு அடியிலயா வெச்சிருக்கீங்க?"

"என்கிட்ட ஒண்ணுகூட இல்ல," என்றார், அலமாரியைத் துடைத்தபடி. "உறுப்பினர் ஆகணும்னா முகவரிச் சான்று கேக்கறாங்க. வாட்ச்மேனுக்கு ஏது முகவரி? காவல் காக்கற கடையிலயே படுத்துக்கறார். சலவைக்கடைப் பொண்ணு, லாரி ஓட்டறவர்... எல்லாருக்கும் என் பேர்லதான் எடுத்துக் குடுக்கறேன். யாருக்குன்னு குறிப்புல போட்டிருக்கேன், பாரு."

போட்டிருந்தார். யாரும் சீந்தாத குறிப்புக் கட்டத்தில், ஒவ்வொரு பதிவிலும்.

நான் யோசிக்கவே இல்லை. ஊழியர்களைப் பட்டியலில் காட்டாதே என்று ஒரு வரி சேர்த்தேன். அரை நிமிட வேலை. பெருமையாக அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அழி."

"வேலை போயிடும் அண்ணி."

"மறைச்சா நான் திருடின மாதிரி ஆயிடும். அவங்க கையில இருக்கறதும் திருட்டுப் புத்தகமாயிடும். அழிடி."

அழித்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ஆத்திரத்திலேயே இன்னொரு ப்ரொசீஜர் எழுதினேன்.

காலையில் செயலாளர் பட்டியலைப் பார்த்ததும், "நூலகரே முதல் இடமா?" என்றார். அண்ணி எழுந்து உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"விதின்னு எதுக்கும்மா இருக்கு? முகவரி இல்லாத ஆளு புத்தகத்தைத் தூக்கிட்டுப் போயிட்டா எங்க போய்த் தேடறது?"

நான் முந்திக்கொண்டேன். "அதுக்கும் கணக்கு இருக்கு சார்," என்று என் புது ப்ரொசீஜரை ஓடவிட்டேன். சான்று கொடுத்த உறுப்பினர்கள் நான்கு வருடத்தில் எடுத்தவற்றில் நூற்றுக்கு மூன்று திரும்பவே இல்லை. அண்ணி பெயரில் வெளியே போன அறுநூற்றுப் பத்தில் தொலைந்தவை இரண்டு. இப்போது வெளியே இருப்பவை தவிர மற்றவை தாமதமாகவாவது வந்து சேர்ந்திருந்தன. பட்டியலில் இருந்த நாற்பத்தேழில் தொலைந்த இரண்டு போக, மீதி நாற்பத்தைந்தும் அப்படி வரவேண்டியவைதான்.

செயலாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனிதர்களோடு மல்லுக்கு நிற்பார், எண்களோடு நிற்கமாட்டார். திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"முகவரிக் கட்டம் காலியா இருந்தா உங்க சிஸ்டம் ஏத்துக்குமா?"

"இப்ப ஏத்துக்காது. பத்து நிமிஷம் குடுங்க சார்."

"மாத்திடுங்க. நூலகர் கையெழுத்து இருந்தா போதும். அவங்க பேர்ல இருக்கற பாக்கியை அவங்கவங்க பேருக்கு ஏத்திடுங்க."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம், புது உறுப்பினர் அட்டைகளில் முதலாவது வாட்ச்மேனுக்கு. நீட்டும்போதே அண்ணி கறாராகச் சொன்னார்: "இனிமே லேட்டானா ஃபைன் உங்க பேர்லதான் ஏறும், தெரியுதா?"

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பேர்லயாம்மா?"

"ஆமா."

"கம்ப்யூட்டர்லயே வருமா?"

"ஏற்கெனவே வந்தாச்சு. ஒரு புத்தகம் ஒன்பது நாள் லேட்."

அவர் சட்டைப் பையிலிருந்த சில்லறையை எல்லாம் மேஜையில் கொட்டி எண்ணி வைத்தார்.

"ரசீதுல பேரை முழுசா போடுங்கம்மா," என்றார்.