ஊற்றுக்கு மேலே ஒரு வீடு

மேட்டுக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கீழே கேரட்டும் முட்டைகோஸும் விளையும் படிவயல்கள், மேலே உச்சிவரை காடு, இரண்டும் அவருடையவை. காட்டுக்குள் இருந்த ஊற்றுத் தண்ணீரை நம்பித்தான் கீழே அத்தனை தோட்டங்களும் இருந்தன.

எதிர்ச் சரிவில் மச்சானின் தோட்டம். மனைவிக்கு ஒரே தம்பி அவர். வாயைத் திறந்தால் கேலிதான். "மாமா, உங்க கேரட்டும் உங்கள மாதிரியே வளைஞ்சு குடுக்காம நிக்குதே" என்பார். அவர் தோட்டத்துக்கு மேலே யாரோ மரங்களை வெட்டி, மலையைக் குடைந்து விடுதி கட்டினார்கள். அடுத்த மழையில், மச்சான் வாய்க்காலைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சரிவு மொத்தமும் இறங்கிவிட்டது. உடல் கிடைத்தது. தோட்டம் கிடைக்கவில்லை.

அதன்பிறகுதான் நிலங்களைக் காக்கும் அறக்கட்டளையின் அதிகாரியை மேட்டுக்காரரே தேடிப்போனார். அந்த அம்மாள் விளக்கினாள். நிலம் அவருடையதாகவே இருக்கும். பயிரிடலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஆனால் யார் கைக்குப் போனாலும் காட்டை வெட்டவோ கட்டடம் எழுப்பவோ முடியாது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

"உங்க குடும்பத்துக்குன்னு ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் இடம் ஒதுக்கிக்கலாம் ஐயா. யோசிச்சுச் சொல்லுங்க."

நகரத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த மகன் அந்த வாரமே கர்ப்பிணி மனைவியோடு வந்து இறங்கினான். வாடகை அறை வாழ்க்கை போதும், இங்கேயே வீடு கட்டி அப்பாவோடு விவசாயம் பார்க்கிறேன் என்றான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

வீடு கட்டத் தோதான சமதரை அந்த நிலத்தில் ஒன்றுதான், ஊற்றுக்கு நேர் மேலே. அப்பாவும் மகனும் அங்கே போய் நின்றார்கள்.

"இங்க வேணாம்டா."

"நான் என்ன விடுதியா கட்டப்போறேன்? ஒரு வீடுப்பா."

"வீடுன்னா ரோடு போடணும். ரோடுன்னா சரிவ வெட்டணும். உங்க மாமா எப்படிப் போனாரு?"

"அப்ப எனக்குன்னு இங்க எதுவுமே கிடையாதா?"

"எல்லாமே உனக்குத்தான்டா."

"கட்டக் கூடாது, வெட்டக் கூடாது. காவல் காக்க மட்டும் நான் வேணும், அப்படித்தானே?"

இருவரும் கீழே பழைய வீட்டுக்கு இறங்கி வந்தார்கள். அங்கேயே எல்லோரும் சேர்ந்து இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வீட்டில் இருந்தது ஒரு அறையும் சமையற்கட்டும்தான்.

வீட்டுக்கு இடம் ஒதுக்காமலே கையெழுத்துப் போட்டார். மகன் அன்றைக்கே மனைவியோடு பஸ் ஏறிவிட்டான்.

மருமகளின் பிரசவம் நெருங்கியபோது, துணைக்கு நகரத்துக்குக் கிளம்பிய மேட்டுக்காரரின் மனைவி தன் புடவைகளை எல்லாம் பையில் அடுக்கினாள். பத்து நாளைக்கு இத்தனை எதற்கு என்று கேட்டார்.

"என் தம்பிய மலை வாங்கிடுச்சு. எம் புள்ளய நீங்க அனுப்பிட்டீங்க. நீங்க செஞ்சது சரிதான். ஆனா என்னால இங்க இருக்க முடியலங்க."

பேத்தி பிறந்தாள். அவர் கூப்பிட்டால் மனைவி போனைக் குழந்தையின் காதில் வைப்பாள். மகன் மட்டும் போனைத் தொடமாட்டான்.

மறுவருட மழை பேய்மழை. சுற்றுவட்டாரத்தில் சரியாத சரிவே இல்லை. அவருடையது மட்டும் அசையவில்லை. கீழ்த்தோட்டக்காரர்கள் குடும்பத்தோடு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பெண்களும் பிள்ளைகளுமாக வாசல் நிறைந்துவிட்டது. அவர்கள் போனதும் மனைவிக்குப் போன் செய்தார்.

"இங்க ஒண்ணும் ஆகலன்னு அவன்கிட்டச் சொல்லு."

அவள் சொல்வது கேட்டது. பிறகு தூரத்தில் மகனின் குரல்: "நல்லதும்மா."

"நீ எப்ப வர்ற?"

"புள்ள அழுவுது, வச்சிடறேன்."

தான் செய்தது தப்பு என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பஸ் ஏறிப்போய் மகனிடம் மன்னிப்பாவது கேட்டிருப்பார். அந்த வழியும் அவருக்கு இல்லை.