எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

ஊரில் அவளுக்கு மிளகாய் என்று பேர். வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவன் தண்ணீர் குடித்தாக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால், வரப்பை ஒரு சாண் வெட்டிவிட்டான் என்று கொழுந்தனை ஊர் நடுவில் நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள். அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான்.

பிறகு வெள்ளம் வந்து வரப்பு, தொழுவம், குதிரில் இருந்த தானியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. அவள் வீட்டில் மிஞ்சியது, பூச்சி அரிக்காமல் இருக்க அடுப்புக்கு மேலே புகையில் கட்டியிருந்த இருபது மக்காச்சோளக் கதிர்கள். பிள்ளைகள் பசி என்றபோதுகூட அதில் கைவைக்கவில்லை. விதையைத் தின்றால் அடுத்த வருஷம் எதைத் தின்பது? வண்டல் படிந்து நிலமெல்லாம் ஒரே பாயாகக் கிடந்தது. குத்துமதிப்பாக எல்லை பிடித்து, ஒரு மணி விடாமல் ஊன்றினாள்.

பயிர் இடுப்பளவு வந்த பிறகு ஒரு நாள் களையெடுக்கும்போது களைக்கொத்து எதிலோ இடித்தது. மண்ணைத் தள்ளினால் எல்லைக்கல். அவள் நின்ற இடம் கொழுந்தனின் நிலம். பதினாலு வரிசை, போட்ட விதையில் பாதி, அவன் மண்ணில் நிற்கிறது. அவன் ஏர் விட்டு ஓட்டினால் ஏன் என்று கேட்க வழியில்லை.

கல்லை மூடிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். கை ஓடவில்லை. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டு, நேரே கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தவன், அவள் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"தெரியும் அண்ணி. நீங்க ஊனும்போதே பார்த்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடி சண்டைக்கு வர்றேன்னு நினைப்பீங்க. ஊனின விதையைத் தோண்டியா எடுக்க முடியும்? எங்கிட்ட போட விதையும் இல்ல. சும்மா கிடக்கிற மண்ணு, அண்ணன் பிள்ளைங்களுக்காவது விளையட்டுமே."

பேச்சுவாக்கில் இன்னொன்றும் வெளியே வந்தது. அவள் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பதினாலு வரிசைக்கும் எருவைக் கரைத்து ஊற்றியவன் அவன்தான். அவை மட்டும் செழித்து நிற்பதைத் தன் கைராசி என்று அவள் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

மிளகாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதில் விளைவதெல்லாம் அவனுக்குத்தான் என்றாள். விதைக்கு நாலு கதிர் போதும் என்றான் அவன். பாதிக்கு அவனைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக அவள் யாரோடும் சண்டை போட்டதில்லை.

சாயங்காலம் நிவாரண அரிசியில் ஒரு ஆழாக்கு கூடுதலாக அள்ளி உலையில் போட்டாள். யாருக்கு என்று கணவன் கேட்டான்.

"உங்க தம்பி சாப்பிட வர்றான்."

நாலு வருஷமாகத் தம்பி வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனிதன் எழுந்து போய் ஒரு தட்டை எடுத்துக் கழுவினான். கழுவிய தட்டையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.