பிரிக்காத பொட்டலம்

"நெஞ்சுல அடைப்பு இருக்கற மாதிரி தெரியுதுங்க, காப்பீட்டுக் கார்டு இருக்குதுங்களா?" என்று இலவச மருத்துவ முகாமில் அந்தப் பெண் கேட்டதுதான் நஞ்சுண்டனுக்குப் பிடிக்கவில்லை. அடைப்புக்கும் கார்டுக்கும் நடுவில் அவள் மூச்சுகூட விடவில்லை என்று முகாம் நடந்த கல்யாண மண்டபத்திலிருந்து வீடு வரும்வரை மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஈ.சி.ஜி. ஒயர் மாட்டுவதற்காகக் கழற்றிய சட்டைப் பொத்தான்களை அந்தக் கோபத்தில் ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். காளியாத்தாள் அதைப் பார்த்தும் சொல்லவில்லை.

சோமனூருக்குப் பக்கத்தில் ஆறு விசைத்தறி ஓட்டுகிற மனுசன். பெட்ரோல் போட்டால் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். நூல் மூட்டை வந்தால் வண்டிக்காரன் எதிரிலேயே மறுபடி எடை போடுவார். இளநீர்க்கடையில் ஏற்கெனவே சீவி வைத்த காயை வாங்கவே மாட்டார். சந்தேகப்படுவதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்கிறவர். அப்படிப்பட்டவரிடம் ஆஸ்பத்திரிக்காரர்கள் திங்கட்கிழமை வாசலுக்கே வேன் அனுப்புகிறோம் என்றால் எப்படி இருக்கும்?

"முன்ன நாமளே ஆஸ்பத்திரியத் தேடிப் போனப்ப உக்கார நாற்காலி குடுக்கல. வருமானச் சான்றிதழ் வாங்கியான்னு தாலுக்கா ஆபீசுக்கு அலையவுட்டாங்க. இப்பக் கார்டக் காட்டுனாப் போதும்னு அரசாங்கம் சொல்லிப்போட்டுது. ஒடனே வேன் வருது. எதுக்கு புள்ள?"

அவளுக்கும் அது உறுத்தத்தான் செய்தது. போன முகாமில் அடுத்த வீட்டுச் செங்கோடன் இப்படித்தான் வேன் ஏறினார். போகும்போது தனியாளாகப் பாவு நூல் சுற்றிய உருளையைத் தூக்கிக்கொண்டிருந்தவர், வரும்போது நெஞ்சுக்குள் ஸ்டென்ட் என்று ஒரு ஸ்பிரிங்கும் கையில் ஒரு பை மாத்திரையுமாக வந்தார். இப்போது வாசலில் உட்கார்ந்து தறிச் சத்தம் கேட்பதோடு சரி. நஞ்சுண்டன் அவரையும் விடவில்லை, போய் விசாரித்தார்.

"வெக்காம உட்டிருந்தா உசுரே போயிருக்கும்னாங்க மாப்ள."

"யாரு சொன்னாங்க?"

செங்கோடன் கொஞ்சம் யோசித்தார். "வெச்சவங்கதான்."

இதைச் சொல்லிச் சொல்லி நஞ்சுண்டன் இரண்டு நாள் சிரித்தார். காளியாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் தறியில் பாவு ஏற்றும்போது அவர் தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. வாயுப் பிடிப்பு என்றார். அன்றிலிருந்து அடுப்படியில் இருந்தாலும் அவளுடைய காது தறியில்தான் இருந்தது. ஒரு தறி நின்றாலும் போட்டது போட்டபடி ஓடி வருவாள். அவர் குனிந்து அறுந்த நூலை முடிந்துகொண்டிருப்பார். என்ன என்பதுபோல் நிமிர்ந்து பார்ப்பார். ஒன்றுமில்லை என்று திரும்பி விடுவாள். ஆஸ்பத்திரிமேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த வேர்வையை நினைத்தால் பயமாக இருந்தது.

"கவர்மெண்டுப் பெரியாஸ்பத்திரியிலயாச்சும் ஒருக்காக் காட்டலாமுங்க."

"அங்கயும் இதே கார்டத்தான் கேப்பாங்க." பிறகு அவரே சொன்னார். "பூக் கேட்டுப்போடலாம். அம்மன் என்ன சொல்றாளோ அதுப்படி செய்யறது."

பெண் கொடுப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும் அந்தப் பக்கத்தில் பூக் கேட்பது வழக்கம்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைக்க வேண்டும். எடுத்தது வெள்ளையாக இருந்தால் உத்தரவு, சிவப்பானால் வேண்டாம். பூசாரி எடுத்தால் விரலால் தடவிப் பார்த்துவிடுவான், நானேதான் எடுப்பேன் என்றார் நஞ்சுண்டன். பொட்டலத்தையும் வேறு யாரும் கட்டக்கூடாது.

"நீ கட்டு. மத்தவங்க கட்டுனா எனக்கு மனசு ஒப்பாது."

வெள்ளிக்கிழமை காலையில் புழக்கடையில் நின்று நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்தாள். வாழை இலையைக் கிழித்து முதல் பொட்டலத்தைக் கட்டினாள். இரண்டாவதற்கு அரளியைக் கையில் எடுத்தபோது தறிக்கூடத்தில் ஒரு தறி நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தாள். அறுந்த நூல்தான். திரும்பி வந்து அரளியை அப்படியே கீழே போட்டுவிட்டு இதிலும் நந்தியாவட்டையையே வைத்துத் தறி நூலால் இறுக்கிக் கட்டினாள். தாயே, நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி, எனக்கு அவரு வேணும் என்று மனதுக்குள் சொன்னாள்.

கோயிலில் நஞ்சுண்டன் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. இன்னொன்றை அவள் எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். பெட்ரோல் மீட்டரைக் குனிந்து பார்க்கிற மனுசன், அதைப் பிரித்துக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கிணற்றில் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை போனாள், கை வரவில்லை. வேன் ஏறும்போதும் அது இடுப்பில்தான் இருந்தது.

திங்கட்கிழமை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பச்சை அங்கி மாட்டி, கை நரம்பு வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுக்க உள்ளே கூட்டிப் போனார்கள். வெளியே பெஞ்சில் அவள் சரியாக உட்காரக்கூட இல்லை, காப்பீட்டு மேசையில் இருந்த கிருபாசங்கர் என்ற பையன் கூப்பிட்டான்.

"ரெண்டு ஸ்டென்டுக்கு அப்ரூவல் வந்துருச்சுங்கம்மா. ஒரு ரூவா ஆகாது, தைரியமா இருங்க."

"இப்பத்தானுங்களே உள்ள போனாரு. அதுக்குள்ள ரெண்டுன்னு எப்படிங்க தெரியும்?"

அவன் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "உள்ள இருந்து போன் பண்ணீருவாங்கம்மா."

பண்ணியிருப்பார்கள். அவன் மேசையில் போனும் இருந்தது. அது அடித்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். ஆறு தறியில் எது நின்றாலும் கண்டுபிடிக்கிற காதுக்கு இது பிடிபடவில்லை. அவர் சொன்னபோதெல்லாம் அவரோடு சேர்ந்து சந்தேகப்பட்டவள்தான். இப்போது அவர் இல்லாமல் தனியாகச் சந்தேகப்படுவது வேறாக இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் ரிஃபத் வந்தாள். சின்னப் பெண், நல்ல முகம். பக்கத்து அறையில் ஒரு திரையைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு நரம்பு, இரண்டு இடத்தில் மெலிந்து கிடந்தது.

"இந்த ரெண்டு எடத்துலயும் அடைப்புங்கம்மா. இப்பவே வெச்சுரலாம்னு டாக்டர் சொல்றாருங்க. நீங்க சரின்னு சொல்லோணும்."

"இது என்ற ஊட்டுக்காரர்துதானுங்களா?"

ரிஃபத்தின் முகம் வாடிவிட்டது. "ஏனுங்கம்மா இப்படிக் கேக்கறீங்க?"

"வேற டாக்டருகிட்டக் காட்டிப்போட்டு வரலாமுங்களா?"

"காட்டலாங்கம்மா, உங்க இஷ்டந்தான். ஆனா மேல இருக்கற அடைப்பு எப்ப வேணாலும் மூடிக்கும்னு டாக்டர் பயப்படறாருங்க." தயங்கிவிட்டுச் சொன்னாள். "அவரு சரின்னுட்டாருங்க. சிரிச்சுட்டுத்தான் படுத்திருக்காரு. கோயில்ல உத்தரவு வாங்கியாச்சு, என்ற சம்சாரம் கையால கட்டுன பூவு, அதுல தப்பு வராதுங்கறாருங்க."

படத்தை நம்புவதா, பையனை நம்புவதா என்று இவ்வளவு நேரம் குழம்பிய காளியாத்தாளுக்கு, உள்ளே படுத்திருப்பவர் இந்த இரண்டையும் நம்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் நம்பியது அவளை.

"செத்த இருங்க கண்ணு."

சுவர்ப் பக்கம் திரும்பி இடுப்பிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து நூலை அறுத்தாள். இலை காய்ந்து நொறுங்கியது. உள்ளே நந்தியாவட்டை ஓரமெல்லாம் பழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வைத்தது அவள்தான், என்ன இருக்கும் என்று தெரியும். ஆனாலும் தோளால் கதவைத் தாங்கியபடி ரிஃபத் காத்து நிற்க, அவள் ஒவ்வோர் இதழாகப் பிரித்து, எங்கேயாவது சிவப்பாக ஓர் அரளியாவது கிடக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.