சிள்வண்டு குகையை விட்டு நகராது

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் எனக்கு ஓசியில் கிடைத்தது. அருங்காட்சியகத்தில் ‘வௌவாலும் குகைச் சிள்வண்டும்: ஓர் ஒப்பீடு’ என்று பலகை எழுதிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் ஒரு வரிக்காக மல்லுக்கு நின்றார்கள். சண்டை அவர்களுடையது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2
‘குகையின் இருட்டு தாயின் மடிபோல...’

வேண்டாம். இதை எழுதியவன் குகைக்குள் போனதே இல்லை. (நான்தான்.)

இப்படித் தொடங்கலாம்: அவளுக்கு வௌவால் ஆராய்ச்சி, அவனுக்குச் சிள்வண்டு ஆராய்ச்சி. இரண்டும் ஒரே குகையில் இருந்ததால்தான் கல்யாணமே நடந்தது. இப்போது அவளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருக்கிறது. வாரக் கடைசியில் விமானம். “நான் வரலை” என்று அவன் ஒரே பிடியாக நிற்கிறான்.

[ஏன்? முதல் வரைவுகளில் மழுப்பிக்கொண்டே இருந்தான். கடைசியில் பிடித்துவிட்டேன்: பயம். அங்கே போனால் அவன் வெறும் ‘அவங்க வீட்டுக்காரர்’.]

3
பலகைக்கு வருவோம். வௌவால் பாலூட்டி, சிள்வண்டு பூச்சி. அது தன் குரலின் எதிரொலியைக் கேட்டு வழி தேடும்*. இது உடம்பைவிட நீண்ட உணர்கொம்புகளால் துழாவும். அது பறக்கும், இதற்குச் சிறகே இல்லை. பேர்தான் சிள்வண்டு, சத்தம் வராது. இதுவரை சமாதானம். கடைசி வரியில்தான் வந்தது வினை.

“‘வௌவால் வெளியே போகும், சிள்வண்டு குகையை விட்டு நகராது.’ எழுதிக்கோ” என்றான்.

“யார் சொன்னது?”

“இத்தனை வருஷமா பாக்கறேனே.”

“உள்ளேயே உக்காந்து பாத்தா அப்படித்தான் தெரியும். சாயங்காலம் வாசல்ல நின்னிருக்கீங்களா?”

“உன் வௌவால் போடற எச்சத்துலயே அதுக்கு வயிறு ரொம்பிடும். வெளியே வரணும்னு என்ன தலையெழுத்து?”

“போய்ப் பாருங்க” என்று பேனாவை மூடினாள் அவள்.

(*‘வௌவாலுக்குக் கண் தெரியாது’ என்று முதலில் எழுதியிருந்தேன். நன்றாகவே தெரியும். அவள் காதில் விழுந்திருந்தால் தொலைந்தேன்.)

4
போனான். [என் பேச்சைக் கேட்காத கதாபாத்திரம், மனைவி பேச்சைக் கேட்கிறது.] வெளிச்சம் மங்கியதும் வௌவால்கள் தலைக்கு மேலே கொத்துக்கொத்தாகப் போயின. அவன் நிமிரவில்லை. வாசல் பாறை இடுக்கிலிருந்து ஓர் உணர்கொம்பு நீண்டது. காற்றைத் தொட்டுப் பார்த்துப் பின்வாங்கியது. மறுபடி நீண்டது. பிறகு சிள்வண்டு ஒரே தாவலில் புல்லுக்குள் விழுந்து ஈர இலையைக் கொறிக்கத் தொடங்கியது. அதன் பின்னால் இன்னொன்று.

முதலில் அவனுக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்று பூச்சியிடம் கேட்டான்.

[இங்கே அவனை உட்காரவைத்து, வாழ்க்கை என்பது... இல்லை, அவன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.]

5
மூட மறுத்த பெட்டியின் மேல் அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“வெளியே வருது” என்றான் நிலைப்படியிலேயே. “புல்லு வரைக்கும்.”

“திரும்பிப் போயிடுமே.”

“போகும். ஆனா வருது.”

அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவனும் உட்கார்ந்தான். பெட்டி மூடிக்கொண்டது.

ஒரு வரைவில் அவன், “போயிட்டு வா” என்கிறான். இன்னொன்றில், “எனக்கும் ஒரு டிக்கெட் போடேன்.” இரண்டுமே என் குரலாக இருக்கிறதே தவிர அவன் குரலாக இல்லை. அவன் வாயைத் திறந்துவிட்டான், அவள் திரும்பிப் பார்க்கிறாள். அந்தச் சொல்லை நீங்களே போடுங்கள். நீங்களும் யாரையாவது வழியனுப்பியிருப்பீர்கள். இல்லையென்றால், கூடவே போயிருப்பீர்கள்.